மாஷ் டன்னா, மாஷ் ஃபில்டரா? கிராஃப்ட் பீர் ப்ரூவரி போடுகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் ப்ரூபப் (அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் பப்) தொடங்க நினைக்கும் நண்பர்கள், மெஷின் கொட்டேஷனைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. முன்பெல்லாம் "ஸ்டீமா, எலெக்ட்ரிக்கா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது "மாஷ் ஃபில்டர் போட்டால் மால்ட் மிச்சமாகுமாமே?" என்று ஆரம்பிக்கிறார்கள். மிச்சமாகும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மிச்சம் உங்கள் கல்லாவுக்கு வந்து சேருமா என்பது மூன்று விஷயத்தில் இருக்கிறது: ஒரு நாளைக்கு எத்தனை ப்ரூ (ஒரு தடவை காய்ச்சுவது ஒரு ப்ரூ), ஒவ்வொரு ப்ரூவிலும் எத்தனை கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி போன்ற தானியம்), வடித்து முடித்த சக்கை எங்கே போகிறது. விற்பனையாளர் சொல்லும் சதவீதத்தை இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு பார்த்தால் போதும்.

நான் இரண்டு வகை மெஷினிலும் வேலை பார்த்திருக்கிறேன். எனக்கென்று ஒரு சாய்வு உண்டு. அது போகப் போக உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் படி: எது என்ன செய்கிறது என்று பிடிபடட்டும்

நம் வீட்டுக் காபி ஃபில்டர்தான் மாஷ் டன். மேல் பாத்திரத்தில் பொடி, அதன் மேல் வெந்நீர், அடியில் துளைகள், கீழே சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன். வடிகட்டும் வேலையில் பாதியைப் பொடியே செய்கிறது, துளையிட்ட தட்டு அதைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பொடி ரொம்ப நைசாகிவிட்டால் டிகாக்‌ஷன் இறங்காது. ஸ்பூனால் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மாஷ் டன்னில் காபிப் பொடிக்குப் பதில் உடைத்த மால்ட். ரோலர் மில்லில் உமி கிழியாமல், உள்ளே இருக்கும் மாவு மட்டும் உடைகிற மாதிரி அரைப்பார்கள். 65 முதல் 67 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஊறும்போது மால்ட்டிலேயே இருக்கும் என்சைம்கள் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்குகின்றன. அப்புறம் அடித்தட்டின் வழியே அந்த இனிப்பு நீரை வடிக்கிறோம். அதுதான் வோர்ட். மேலே 76 டிகிரி வெந்நீரைத் தெளித்து, உமிப் படுகையில் ஒட்டியிருக்கும் மிச்சச் சர்க்கரையையும் கழுவி எடுப்பது ஸ்பார்ஜ். ஊறவைப்பதும் வடிப்பதும் ஒரே பாத்திரத்தில். இங்கிலாந்தின் ஏல் ப்ரூவரிகள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த முறை இது.

லாட்டர் டன் இதன் அடுத்த கட்டம். மாஷை, அதாவது மால்ட்டும் வெந்நீரும் கலந்த கூழை, வேறு பாத்திரத்தில் தயார் செய்து, வடிப்பதற்கென்றே அகலமாகச் செய்த பாத்திரத்துக்கு மாற்றுகிறோம். உள்ளே கத்தி கத்தியாகத் தொங்கும் ரேக்குகள் மெதுவாகச் சுற்றிப் படுகையைக் கீறிவிடும். படுகையின் ஆழம் 30 சென்டிமீட்டர் சொச்சம். அதனால் கொஞ்சம் நைசாக அரைக்கலாம், சீக்கிரமும் இறங்கும். பேச்சு வழக்கில் இரண்டையுமே 'டன்' என்று சொல்லிவிடுகிறோம். கொட்டேஷனில் எது எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டின் கணக்கும் வேறு.

மாஷ் ஃபில்டர் காபி ஃபில்டர் வம்சமே அல்ல. அது தேங்காய்ப்பால் பிழிகிற துணி. தேங்காயை மிக்ஸியில் நைசாக அரைத்து, துணியில் கட்டி, பிழிந்தால் முதல் பால். சக்கையில் வெந்நீர் விட்டு மறுபடி பிழிந்தால் இரண்டாம் பால். மாஷ் ஃபில்டரும் வரிசை மாறாமல் இதைத்தான் செய்கிறது. மால்ட்டை ஹேமர் மில்லில் மாவாகவே அடித்துவிடுகிறோம். உமியைக் காப்பாற்ற வேண்டிய கவலை இல்லை, வடிகட்டுவது பாலிப்ரொப்பிலீன் துணி. புத்தக அலமாரியில் புத்தகங்களை நெருக்கி வைத்தது போலப் பிளேட்டுகள் வரிசையாக நிற்கும். இரண்டு பிளேட்டுக்கு நடுவே சுமார் 4 சென்டிமீட்டர் இடைவெளி. எல்லா இடைவெளிக்குள்ளும் ஒரே நேரத்தில் மாஷ் போய் நிரம்பும், வோர்ட் துணி வழியே வெளியேறும். பிளேட்டில் இருக்கும் ரப்பர் போன்ற மெம்பிரேன் காற்றழுத்தத்தில் உப்பி, சக்கையை லேசாக அமுக்கும். அப்புறம் ஸ்பார்ஜ் நீர். கடைசியில் இன்னொரு தடவை, இந்த முறை நன்றாகவே ஒரு பிழி. பிளேட்டுகள் ஒவ்வொன்றாக விலகும்போது சக்கை அடை அடையாகத் தொப்பென்று கீழே விழும். கையில் எடுத்துப் பாருங்கள், புண்ணாக்குத் துண்டு மாதிரி முறியும், அழுத்திப் பிழிந்தாலும் விரலிடுக்கில் சொட்டு இறங்காது. லாட்டர் டன் சக்கையை அள்ளினால் முழங்கை வரை ஒழுகும்.

இந்த மெஷின் புதிதும் இல்லை. பெல்ஜியத்தின் மியூரா நிறுவனம் 1901-லேயே இதற்குக் காப்புரிமை எடுத்தது. மெம்பிரேன் வைத்த இன்றைய மெல்லிய படுகை வகை சுமார் 1990 வாக்கில்தான் வந்தது. அதன் பிறகுதான் பெரிய ப்ரூவரிகள் வேகமாக அந்தப் பக்கம் திரும்பின. சின்ன ப்ரூவரிக்கான அளவில் செய்து தர ஆரம்பித்தது அதற்கும் பிந்தி.

இரண்டாம் படி: ஒரு நாளைக்கு எத்தனை ப்ரூ?

எளிய மாஷ் டன்னில் ஊறவைத்து, வடித்து, சக்கையை வாரிப் போட்டு, கழுவி முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகிவிடும். ஒரு நாளில் இரண்டு ப்ரூ, ஆள் மாற்றி வேலை பார்த்தால் மூன்று. நல்ல லாட்டர் டன் எட்டு முதல் பத்து தாங்கும். மாஷ் ஃபில்டர் ஒரு சுற்றை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடும், அதனால் நாளைக்குப் பன்னிரண்டு வரை போகலாம்.

நீங்கள் வாரத்துக்கு நாலு ப்ரூ போடும் ப்ரூபப் என்றால், இந்த வேகத்தை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? ஃபில்டர் இரண்டு மணி நேரத்தில் முடித்தாலும் வோர்ட்டைக் காய்ச்சும் கெட்டிலில் ஒரு மணி நேரக் கொதியும், அப்புறம் கூலிங்கும் இருக்கின்றன. புளிக்க வைக்கும் டேங்க் காலியாக இருக்க வேண்டும். முடிச்சு வேறு இடத்தில் இருந்தால் ஃபில்டரின் வேகம் வீண்.

மூன்றாம் படி: உங்கள் ரெசிப்பிகளைக் கிலோவில் எழுதுங்கள்

என் அனுபவத்தில் பாதி முடிவு இந்த ஒரு தாளிலேயே தெரிந்துவிடும். மெனுவில் இருக்கும், இனி வரப்போகும் எல்லா பீரையும் எழுதி, பக்கத்தில் ஒரு ப்ரூவுக்கு எத்தனை கிலோ தானியம் என்று போடுங்கள்.

10 ஹெக்டோலிட்டர், அதாவது 1,000 லிட்டர் ப்ரூஹவுஸை எடுத்துக்கொள்வோம். வோர்ட்டின் எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு சர்க்கரை போன்ற கரைபொருள் என்பதுதான் பிளாட்டோ, அந்தக் கரைபொருள்தான் எக்ஸ்ட்ராக்ட். 10 பிளாட்டோவில் ஒரு லேசான கோடைக்கால பீருக்கு வோர்ட்டில் சுமார் 104 கிலோ எக்ஸ்ட்ராக்ட் தேவை. 20 பிளாட்டோவில் ஒரு கனமான ஸ்டவுட்டுக்கு சுமார் 217 கிலோ. மெஷின் எவ்வளவு திறமையாக எடுத்தாலும், முதலாவதுக்குக் குறைந்தது 137 கிலோ மால்ட், இரண்டாவதுக்கு 285. இரட்டிப்புக்கும் மேல்.

டன்னுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. லேசான பீருக்குப் படுகை 25 சென்டிமீட்டர், ஸ்டவுட்டுக்கு 50. ஸ்டவுட் நாளில் மெதுவாக இறங்கும், கொஞ்சம் சர்க்கரை சக்கையிலேயே தங்கிவிடும், நீங்களும் ஒரு டீ கூடுதலாகக் குடிப்பீர்கள். அவ்வளவுதான்.

ஃபில்டரில் இந்தச் சலுகை கிடையாது. பிளேட்டுகளுக்கு நடுவே உள்ள இடம் நிலையானது, அது நிரம்பியாக வேண்டும். பாதி நிரம்பினால் ஸ்பார்ஜ் நீர் சக்கைக்குள் நுழையாமல் காலி இடத்தின் வழியே தப்பித்து ஓடிவிடும். வோர்ட் நீர்த்துப் போகும், சக்கை சேறாக விழும். ரொம்ப நிரப்பினால் பிளேட் திறக்காது, துணி கிழியும். அளவில் இருபது சதவீதம் குறைவு, பத்து சதவீதம் அதிகம் என்ற எல்லைக்குள் நின்றால்தான் அது சொன்னபடி கேட்கும். எப்போதும் ஒரே அளவு இலை போட்டுச் சாப்பிடுகிற விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. மால்ட்டின் எடையை மாற்றாமல் வோர்ட்டின் அளவை மாற்றுவது. 165 கிலோவில் 12 பிளாட்டோ வோர்ட் 10 ஹெக்டோலிட்டர் கிடைக்கும். அதே 165 கிலோவில் 20 பிளாட்டோ வேண்டுமென்றால் 5.8 ஹெக்டோலிட்டர்தான் வரும். 10 பிளாட்டோ என்றால் 12. அதாவது ஸ்டவுட் நாளில் கெட்டில் பாதியும் டேங்க் பாதியும் காலி, லேசான பீர் நாளில் கெட்டிலில் இடம் போதாது. கெட்டிலையும் டேங்கையும் இதற்குத் தகுந்த மாதிரி முதலிலேயே அளவெடுத்து வாங்கியிருந்தால் சரி. வரிசையின் நடுவே ஒரு அடைப்புப் பிளேட்டை வைத்துச் சில அறைகளை மூடிவிடும் வழியும் உண்டு. அதை நகர்த்துவது ஒவ்வொரு ப்ரூவுக்கும் நடுவே செய்கிற வேலை இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எனவே உங்கள் தாளில் பெரிய எண்ணும் சின்ன எண்ணும் ஒன்றரை மடங்குக்கு மேல் விலகியிருந்தால், ஃபில்டர் பேச்சை ஒத்திவையுங்கள். வாரா வாரம் புது பீர் போடுவதுதான் உங்கள் ப்ரூபப்பின் அடையாளம் என்றாலும் அப்படியே.

நாலாம் படி: என்ன தானியம்?

ஃபில்டருக்கு ஆதரவாக நான் பேசுகிற இடம் இது.

பார்லிக்கு உமி உண்டு. கோதுமைக்கு இல்லை, கம்பு மாவு களி மாதிரி ஆகிவிடும், கேழ்வரகு மணிகள் பொடிசு. ஓட்ஸிலும் ரை தானியத்திலும் பீட்டா குளூகான் போன்ற பசை நார்ப்பொருள்கள் அதிகம், வோர்ட் எண்ணெய் போலக் கெட்டியாகும். இவற்றை டன்னில் அதிகம் சேர்த்தால் படுகை அடைத்துக்கொள்ளும்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பாதிக்கு மேல் கோதுமை போட்ட விட் பீர். காலை 7 மணிக்கு மாஷ் போட்டோம், எட்டே காலுக்கு வடிக்க ஆரம்பித்தோம். சைட் கிளாஸில் விரல் பருமனாக ஓடிய வோர்ட், பத்து நிமிடத்தில் நூலாக மெலிந்தது. பதற்றத்தில் நான் பம்ப் வேகத்தைக் கூட்டினேன். கூட்டவே கூடாது. பம்ப் உறிஞ்ச உறிஞ்சப் படுகை அடித்தட்டோடு இறுகி, களிமண் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் பம்பை நிறுத்தி, அடியிலிருந்து வெந்நீர் ஏற்றிப் படுகையைத் தூக்கி, துடுப்பால் கிளறி, அரை மணி நேரம் அடங்கவிட்டு, மறுபடி முதலிலிருந்து. கெட்டில் நிரம்பும்போது மாலை 4 மணி. மறுநாள் மில்லைத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் ரோலர் இடைவெளி 1.3 மில்லிமீட்டருக்குப் பதில் 0.9. கோதுமை மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம், பாதிக் குற்றவாளி மில்.

டன் வைத்திருப்பவர்கள் இதற்கு நெல் உமி சேர்ப்பார்கள். தானிய எடையில் ஐந்து சதவீதம் வரை சேர்த்தாலே நல்ல பலன் தெரியும். ரைஸ் மில்லில் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வந்து அப்படியே கொட்டிவிடாதீர்கள். கல், தூசு, பழைய மூட்டை வாசனை எல்லாம் கூடவே வரும். உணவுத் தரத்தில் சுத்தம் செய்த உமிதான் வேண்டும். அதையும் வெந்நீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

ஃபில்டருக்கு உமியே தேவையில்லை. நைஜீரியா 1988-ல் மால்ட் இறக்குமதியைத் தடை செய்தபோது, அங்குள்ள ப்ரூவரிகள் உள்ளூர்ச் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாற வேண்டியிருந்தது. உமியில்லாத சோளத்தை லாட்டர் டன்னில் வடிப்பது பெரும்பாடு, அந்த மாதிரி தானியத்துக்கு மாஷ் ஃபில்டர்தான் தோது. நம் பக்கத்திலும் சிறுதானிய பீரை ஒரு முறை வேடிக்கைக்காகப் போடாமல் அதையே முதன்மைப் பொருளாக வைக்கப் போகிறீர்கள், தானியத்தில் பாதிக்கு மேல் கேழ்வரகோ கம்போ சோளமோ என்றால், ஃபில்டரைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். மால்ட் ஆக்காத சிறுதானியத்தின் ஸ்டார்ச் 65 டிகிரியில் இளகாது. தனியாக வேகவைக்க ஒரு குக்கர் வேண்டும். அதை ஃபில்டர் செய்து தராது.

ஐந்தாம் படி: பணக் கணக்கு

பேப்பரும் பேனாவும் எடுங்கள். 12 பிளாட்டோவில் 1,000 லிட்டர் வோர்ட்டுக்கு 126 கிலோ எக்ஸ்ட்ராக்ட் வேண்டும். நல்ல மால்ட் ஒன்றில், லேபில் அளந்தால், ஈரத்தோடு சேர்த்த எடையில் 76 சதவீதம் எக்ஸ்ட்ராக்ட் இருக்கும். எளிய மாஷ் டன் அதில் 88 சதவீதத்தை எடுக்கிறது என்று வைப்போம், லாட்டர் டன் 96, ஃபில்டர் முழுவதும். அப்படியானால் தேவையான மால்ட் முறையே 188, 172, 165 கிலோ.

கணக்குக்கு வசதியாக மால்ட் கிலோ 100 ரூபாய். வருடத்துக்கு 200 ப்ரூ போடுகிறீர்கள். எளிய டன்னோடு ஒப்பிட்டால் ஃபில்டரில் ப்ரூவுக்கு 23 கிலோ மிச்சம், வருடத்துக்கு 4.6 லட்சம் ரூபாய். சும்மா விட்டுவிடுகிற தொகை இல்லை. ஆனால் லாட்டர் டன்னோடு ஒப்பிட்டால் மிச்சம் 7 கிலோதான், வருடத்துக்கு 1.4 லட்சம்.

அதாவது ஃபில்டர் தருவதாகச் சொல்லும் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கை நல்ல லாட்டர் டன்னே கொடுத்துவிடுகிறது. விற்பனையாளர் எப்போதும் ஃபில்டரை மோசமான மாஷ் டன்னோடுதான் ஒப்பிட்டுக் காட்டுவார். அவர் வேலை அது. நீங்கள் லாட்டர் டன்னோடு ஒப்பிடுங்கள்.

இப்போது இதே கணக்கை 5,000 லிட்டர் ப்ரூஹவுஸுக்கு, நாளைக்கு எட்டு ப்ரூ, வருடத்தில் 300 நாள் என்று போட்டுப் பாருங்கள். ப்ரூவுக்கு 35 கிலோ, 2,400 ப்ரூ, மொத்தம் 84,000 கிலோ மால்ட், 84 லட்சம் ரூபாய். இங்கே கதையே வேறு. பெரிய ப்ரூவரிகள் ஃபில்டர் பக்கம் போனதன் காரணம் இந்த ஒரு பெருக்கலிலேயே இருக்கிறது.

இரண்டு கொட்டேஷனுக்கும் உள்ள வித்தியாசத்தை, மில் செலவையும் சேர்த்து, உங்கள் வருட மிச்சத்தால் வகுங்கள். அதற்கு முன் மிச்சத்திலிருந்து துணி மாற்றும் செலவு, மெம்பிரேன், கழுவுகிற காஸ்டிக் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். ஐந்து வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பவில்லை என்றால் நான் வாங்க மாட்டேன்.

ஆறாம் படி: சக்கையும் தண்ணீரும்

மேலே சொன்ன அதே ப்ரூவில் லாட்டர் டன் சக்கை 80 சதவீத ஈரத்தோடு சுமார் 190 கிலோ வரும். ஃபில்டர் சக்கை 67 சதவீத ஈரத்தோடு சுமார் 95. பாதிக்குப் பாதி. குறைந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

இந்த எண் உங்களுக்குப் பணமா என்பது ஊரைப் பொறுத்தது. எங்களுக்கு ஓசூர் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் குட்டி யானை வண்டியில் டிரம்மோடு வந்து அள்ளிப் போவார். அவருக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை, எங்களுக்கும் செலவில்லை. இப்படி ஒருவர் இருக்கும்வரை சக்கையின் ஈரம் என் கணக்கில் பூஜ்யம்.

அலாஸ்காவின் ஜூனோ நகரத்துக்குப் போய்ப் பாருங்கள், கணக்கு தலைகீழ். வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. படகு அல்லது விமானம். மால்ட் கடல் வழியே வர வேண்டும், சக்கையைத் தின்னச் சுற்றுவட்டாரத்தில் மாடு இல்லை. 1986-ல் தொடங்கிய அலாஸ்கன் ப்ரூயிங் கம்பெனி, 1990-களின் நடுவிலேயே சக்கையை உலர்த்தும் மெஷின் வாங்கியது. உலர்த்தினால்தான் அதைக் கப்பலில் தெற்கே அனுப்ப முடியும். உலர்த்துவதற்கு எண்ணெய் எரிய வேண்டும், எண்ணெயும் கப்பலில்தான் வர வேண்டும். 2008-ல் மாஷ் ஃபில்டர் போட்டார்கள். அமெரிக்கக் கிராஃப்ட் ப்ரூவரிகளில் அவர்கள்தான் முதல். சக்கை ஏற்கெனவே பிழிந்து வருவதால் உலர்த்த ஆகும் எரிபொருள் குறைந்தது, மால்ட்டும் தண்ணீரும் கூடவே மிச்சமாயின. அதோடு விடவில்லை. ஃபில்டர் தரும் மாவு மாவான சக்கையையே எரித்து நீராவி தரும் பாய்லரைச் சுமார் 18 லட்சம் டாலர் செலவில் அமைத்து, 2013 வாக்கில் ஓட்டத் தொடங்கினார்கள். சக்கையை மட்டுமே எரிபொருளாகக் கொண்டு ஓடும் பாய்லர். அந்த ஊரில் நான் இருந்தாலும் ஃபில்டர்தான் போட்டிருப்பேன்.

உங்கள் ஊர் ஜூனோவா, ஓசூரா என்று பாருங்கள். சக்கையை அகற்ற கிலோவுக்கு இவ்வளவு என்று நீங்கள் காசு கொடுக்கும் இடமா? தண்ணீர் டேங்கர் லாரியில் வருகிறதா? கழிவுநீருக்கு சுத்திகரிப்பு நிலையம் நீங்களே நடத்துகிறீர்களா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால், மால்ட் கணக்கில் தோற்ற ஃபில்டர் இங்கே எழுந்து வரலாம்.

ஏழாம் படி: மில், இடம், ஆள்

ஃபில்டர் வாங்கினால் ஹேமர் மில்லும் சேர்த்து வாங்குகிறீர்கள். ரோலர் மில்லை வைத்துச் சமாளிக்க முடியாது. ஹேமர் மில் காது கிழியும் சத்தம். அதைவிட முக்கியம், மால்ட் மாவுத் தூசு காற்றில் கலந்து ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். வரும் வழியில் காந்தம், கல் பிரிக்கும் சல்லடை, தூசு உறிஞ்சும் அமைப்பு, தனி அறை, எர்த்திங் எல்லாம் வேண்டும். மாலில் மூன்றாவது மாடியில் இருக்கும் ப்ரூபப்பில் இதற்கு அனுமதி வாங்குவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயம். தண்ணீருக்குள்ளேயே அரைக்கும் ஈர மில் உண்டு, தூசு இராது, விலை மட்டும் ஏறும்.

மைக்ரோப்ரூவரி லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி. மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் மாநில விதியில் உற்பத்தி வரம்பு, இட அளவு என்ன என்று பாருங்கள்.

தினசரி வேலை எப்படி? டன்னில் கதவைத் திறந்து சக்கையை வாரி, தண்ணீர் அடித்துக் கழுவி, அடித்தட்டைத் தூக்கி அதன் கீழே பார்த்தால் முடிந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான். சின்ன ஃபில்டர்களில் பிளேட்டுகளைக் கையால் நகர்த்தி, ஒட்டியிருக்கும் சக்கையைப் பிளாஸ்டிக் கரண்டியால் தட்டிவிட வேண்டியிருக்கும். துணியின் ஓரத்தில் ஒரு மடிப்பு இருந்தாலும் அடுத்த ப்ரூவில் அங்கிருந்து வோர்ட் ஒழுகும். வாரக் கடைசியில் சூடான காஸ்டிக்கில் துணிகளைக் கழுவ வேண்டும். விட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் துணியின் துளைகள் அடைந்து, ஒரு மாதத்தில் "மெஷின் முன்னே மாதிரி இல்லையே" என்று தோன்ற ஆரம்பிக்கும்.

வாடிக்கையாளர்கள் கண்ணாடி வழியே பார்க்கும் இடத்தில் செம்பு வளையம் போட்ட டன் நின்றால் அழகு. ஃபில்டர் ஏதோ பிரிண்டிங் பிரஸ் மாதிரி இருக்கும். சிரிக்காதீர்கள், ப்ரூபப்பில் இதுவும் கணக்குதான்.

சுவை பற்றி எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: உமியை மாவாக அடித்தால் துவர்ப்பு இறங்காதா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. துவர்ப்பு அதிகம் இறங்குவது, ஸ்பார்ஜ் நீர் மிகுந்து, வோர்ட் நீர்த்து, பி.எச். 6-ஐ நெருங்கும்போது. ஃபில்டரில் தண்ணீர் குறைவு, தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் குறைவு. நன்றாக ஓட்டினால் வோர்ட் டன்னைவிடத் தெளிவாகவே வரும். போர்வெல் தண்ணீரைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டால் எந்த மெஷினிலும் துவர்க்கும்.

எட்டாம் படி: இருக்கிற டன்னை முதலில் சோதியுங்கள்

ஏற்கெனவே டன் வைத்திருந்து ஃபில்டருக்கு மாற நினைப்பவர்களுக்கு மட்டும் இது. நான் பார்த்தவரை இவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை ஒரு ஃபீலர் கேஜும் ஒரு நாள் பொறுமையும்.

மில்லின் இரு முனையிலும் நடுவிலும் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் ரோலர் தேய்ந்திருக்கிறது. அரைத்ததில் ஒரு கைப்பிடி எடுத்துப் பரப்பிப் பார்த்தால், உடையாத முழு மணி ஒன்றிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மாஷ் முடிந்ததும் ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கானில் விட்டு அயோடின் சேருங்கள். நீலமானால் ஸ்டார்ச் இன்னும் மாறவில்லை, நேரமோ சூடோ போதவில்லை. மாஷின் பி.எச். 5.2-க்கும் 5.6-க்கும் இடையே இருக்கிறதா? கடைசியாக வடியும் வோர்ட் 2 பிளாட்டோவுக்கு மேல் இருக்கும்போதே நிறுத்திவிடுகிறீர்களா? அப்படியானால் சர்க்கரையைச் சக்கையோடு மாட்டுக்கு அனுப்புகிறீர்கள். ஓசூர் மாடுகளுக்குக் கொண்டாட்டம்.

சக்கையைப் படுகையின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் தனித்தனியே எடுத்துப் பிழிந்து, அந்த நீரைச் சர்க்கரை அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வையுங்கள். ஓரத்தில் 1, நடுவில் 5 என்று வந்தால் ஸ்பார்ஜ் நீர் சுவரோரமாகவே ஓடிவிடுகிறது. ஸ்பிரே தலையை மாற்றினாலே தீர்ந்துவிடும் பிரச்சினை. இதையெல்லாம் சரிசெய்த பிறகும் மால்ட்டின் எக்ஸ்ட்ராக்ட்டில் 85 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியவில்லை என்றால் அப்புறம் புது மெஷின் பேசலாம். அப்போதும் நான் முதலில் ரேக் வைத்த லாட்டர் டன்னைத்தான் காட்டுவேன்.

ஒன்பதாம் படி: கொட்டேஷன் மேஜையில்

ஃபில்டர்தான் என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், விற்பனையாளரிடம் இவற்றை எழுத்தில் வாங்குங்கள். குறைந்தபட்சம் எத்தனை கிலோ, அதிகபட்சம் எத்தனை கிலோ போடலாம். எக்ஸ்ட்ராக்ட் சதவீதம் எதை நூறாக வைத்துச் சொல்லப்படுகிறது. லேபில் நைசாக அரைத்து அளப்பதற்கும் கொஞ்சம் கரகரப்பாக அரைத்து அளப்பதற்கும் வித்தியாசம் வரும், பிந்தியதை நூறாக வைத்தால் மெஷின் நூற்றைத் தாண்டியதாகக்கூட எழுதிவிடலாம். துணியும் மெம்பிரேனும் இந்தியாவில் இருப்பு இருக்கிறதா, கப்பலில் வர வேண்டுமா. ஒரு முழு செட் துணியை மெஷினோடு சேர்த்தே விலை பேசிவிடுங்கள், தனியாக வாங்கினால் விலையும் சுங்கமும் தலையில் விடியும்.

கடைசித் தவணைப் பணத்தைச் சோதனை ப்ரூக்களோடு கட்டுங்கள். உங்கள் மால்ட், உங்கள் தண்ணீர், உங்கள் ஆட்கள், அடுத்தடுத்து மூன்று நாள். நிறுவ வந்த பொறியாளர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கட்டும். அதில் ஒரு ப்ரூ உங்கள் பட்டியலிலேயே குறைந்த எடை ரெசிப்பியாக இருக்கட்டும். பிளேட்டுகள் திறக்கும்போது பக்கத்தில் நின்று, முதல் அறை, நடு அறை, கடைசி அறை மூன்றிலிருந்தும் சக்கையை எடுத்துத் தனித்தனி டப்பாவில் போட்டு, எடை பார்த்து, ஓவனில் வையுங்கள். மறுநாள் காலையில் மூன்று டப்பாவும் ஒரே ஈரத்தைக் காட்டினால் செக்கில் கையெழுத்துப் போடலாம்.